இருட்டறை இல்லாமலே படம் துலக்கலாம்



புகைப்படக் கலையைப் பற்றி வானொலியில் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். கண்ணால் காண வேண்டிய ஒன்றைக் காதால் கேட்கச் சொல்வது எங்ஙனம் பொருந்தும் என்று வினவவும் கூடும். ஆனால், இன்று நான் சொல்லப் போகும் வேலையின் முக்கியமான பகுதி கண்ணுக்கு எட்டாத இருட்டில் நடப்பது. அங்கே கையும் காதும் நினைவுமே துணை. ஆகவே இப்பொருளுக்கு வானொலியே பொருத்தமான இடம் என்பது என் எண்ணம்.

நம் ஊர்களில் இருந்த பழைய படக்கூடங்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூன்று கால்களின் மேல் பெரிய மரக் காமிரா ஒன்று நிற்கும். அதன் நடுவே கொல்லன் துருத்தியைப் போல் மடிப்பு மடிப்பாக ஒரு பகுதி இருக்கும். படம் பிடிப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, மங்கல் கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்த்துச் சரி செய்வார். அத்தகைய காமிராவில் சுருள் பிலிம் இல்லை. ஒரு படத்திற்கு ஒரு தாள், அவ்வளவுதான். அதனை ஷீட் பிலிம் என்பர். நாம் பிலிம் தாள் என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குலத்திற்கு 5 அங்குலம் என்பது இன்று பெரிதும் வழங்கும் அளவு. 8 அங்குலத்திற்கு 10 அங்குலம் உள்ள தாளும் உண்டு. நாம் நன்கு அறிந்த 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு கட்டத்தைக் காட்டிலும் 4-க்கு 5 அங்குலத் தாளின் படப் பரப்பு ஏறக்குறைய 13 மடங்கு பெரிது. கோவில் கோபுரத்தின் ஒவ்வொரு சுதைச் சிற்பமும், ஆலமரத்தின் ஒவ்வொரு விழுதும் அதில் தெளிவாகப் பதியும்.

இத்தகைய தாளில் படம் பிடிக்க ஆசைப்படுகிற இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அட்டைப் பெட்டியில் ஊசித் துளையிட்டுத் தாமே காமிரா செய்துகொள்வோரும் உளர். ஆனால், "படத்தைத் துலக்க இருட்டறை வேண்டுமே, எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறைகள்தாமே" என்று சொல்லி அவர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இன்று பேசுகிறேன். படம் துலக்குவதற்குத் தேவையானது இருட்டு. அதற்கென்று தனியே ஓர் அறை கட்ட வேண்டும் என்பது இல்லை.

இதற்கு வரலாறே சான்று. 1851-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர் ஈரத் தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படம் பிடித்து, ஈரம் உலர்வதற்குள்ளேயே துலக்கியும் ஆக வேண்டும். ஆகவே படம் பிடிப்பவர் செல்லும் இடமெல்லாம் இருட்டும் உடன் செல்ல வேண்டியதாயிற்று. 1855-இல் கிரிமியப் போர்க்களத்திற்குச் சென்ற ரோஜர் பென்டன், மது வணிகர் ஒருவரின் வண்டியை வாங்கி அதையே இருட்டறையாக மாற்றிக்கொண்டு போனார். வேறு பலர் கூடாரங்களைச் சுமந்து சென்றனர். 1871-இல் ரிச்சர்டு லீச் மாடக்ஸ் என்ற மருத்துவர், ஜெலட்டின் பூசிய உலர் தகட்டுக்கு வழி காட்டினார். அதன்பின் வெளியே பிடித்த படத்தை வீட்டிற்குக் கொண்டுவந்து, ஓய்வாகத் துலக்க முடிந்தது. முன்னர் வண்டியளவு இருந்த இருட்டு இன்று ஒரு பாத்திரத்தின் அளவிற்குச் சுருங்கிவிட்டது. அது எங்ஙனம் என்று காண்பதற்கு முன், இருட்டு ஏன் வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

பிலிம் தாளின் ஒரு பக்கத்தில் ஜெலட்டின் படலம் ஒன்று உண்டு. அதனுள் வெள்ளி புரோமைடு முதலிய உப்புகளின் நுண்ணிய மணிகள் விரவியிருக்கின்றன. ஒளி பட்ட மணியில் ஒரு சில வெள்ளி அணுக்கள் மட்டும் பிரிந்து ஒன்று கூடி நிற்கும். அந்நிலையில் தாளை எடுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. உருவம் உள்ளே இருக்கிறது, ஆனால் மறைந்திருக்கிறது. டெவலப்பர் என்னும் துலக்கும் திரவத்தில் அத்தாளை இட்டால், அந்தச் சில அணுக்கள் வாயிலாக அமைந்து, அம்மணி முழுவதும் கறுத்த வெள்ளியாக மாறுகிறது. ஒளியின் விளைவு இவ்வாறு கோடிக்கணக்கான மடங்கு பெருகுகிறது. ஒளி படாத மணிகள் உடனே மாறுவதில்லை. ஆனால் மிகுதியான நேரம் கிடந்தால் அவையும் மாறத் தொடங்கிவிடும். ஆதலால்தான் துலக்குவதில் நேரமும் வெப்பமும் இத்துணை முக்கியமாகின்றன. துலக்கும்போது சிறிது வெளிச்சம் புகுந்தாலும், படாத மணிகளும் பட்ட மணிகளாகிப் படம் முழுவதும் கறுத்துப் போகும்.

துலக்கிய பிறகும் ஒளி படாத வெள்ளி உப்பு தாளிலேயே எஞ்சி நிற்கும். அதனைக் கரைத்து வெளியேற்றுவது சோடியம் தயோசல்பேட்டு. இந்த உப்பின் இயல்பை ஜான் ஹெர்ஷெல் என்னும் அறிஞர் 1819-லேயே கண்டு எழுதியிருந்தார். அன்று புகைப்படம் என்பதே இல்லை. 20 ஆண்டுகள் கழித்து, 1839-இல் புகைப்படக் கலை பிறந்தபோது, அந்தப் பழைய கண்டுபிடிப்பு அதற்குக் கை கொடுத்தது. பயன் தெரியாத நிலையில் கற்ற கல்வியும் வீண் போவதில்லை என்பதற்கு இதனைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது. அந்நாளில் அவ்வுப்பை ஹைப்போசல்பைட்டு என்று அழைத்தனர். வேதியியலார் பின்னர்ப் பெயரைத் திருத்தினர். ஆயினும் படக்கூடங்களில் 'ஹைப்போ' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இது நிற்க. வீட்டில் இருட்டைத் தேடுவோம்.

நம் வீடுகளில் இதற்கு ஏற்ற இடம் குளியலறை. ஏற்ற வேளை இரவு. சன்னலைக் கம்பளியால் மூடுங்கள். கதவின் அடியில் ஈரமில்லாத துண்டு ஒன்றைச் சுருட்டி வையுங்கள். வெந்நீர்க் கருவியில் மினுக்கும் சிறு விளக்கை மறந்துவிடலாகாது. குழல் விளக்கு அணைத்த பின்னரும் சிறிது நேரம் மங்கலாக ஒளிரும். கைப்பேசியையும், ஒளிரும் எண்களுடைய கைக்கடிகாரத்தையும் வெளியே வைத்துவிடுங்கள். பின்பு விளக்கை அணைத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு 10 நிமிடம் உட்கார்ந்திருங்கள். முதலில் நல்ல இருட்டாகத் தோன்றிய அறையில், கண் பழகப் பழக, கீற்றுக் கீற்றாக வெளிச்சம் புலப்படும். கீற்று தெரிந்த இடங்களையெல்லாம் அடைத்துவிட்டு மீண்டும் உட்காருங்கள். கையிலுள்ள காகிதம் அறவே தெரியாவிட்டால் அந்த அறை போதும்.

இத்தகைய அறையும் கிடைக்கவில்லையாயின், கறுப்புத் துணியால் இரண்டு அடுக்காகத் தைத்த பை ஒன்று கடைகளில் கிடைக்கிறது. இரு கைகளை நுழைக்க இரண்டு சட்டைக் கைகள் அதற்கு உண்டு. தாள்களையும் பாத்திரத்தையும் உள்ளே வைத்து மூடிவிட்டு, பகலிலேயே கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம். ஆனால் நம் நாட்டு வெயிலில் பைக்குள் கை விரைவில் வேர்த்துவிடும். வேர்வைக் கை பட்டால் தாளில் ரேகை பதியும். ஆதலால் காலை வேளையில், கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, சில தாள்களை மட்டும் எடுத்து வேலையை முடிப்பது நன்று.

இருட்டில் தாளின் எந்தப் பக்கத்தில் ஜெலட்டின் படலம் இருக்கிறது என்று எப்படி அறிவது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிலிம் தாளின் ஒரு மூலையிலும் சிறு வெட்டுக் குறிகள் உண்டு. தாளை நெடுக்காகப் பிடித்து, அக்குறிகள் மேலே வலப்புற மூலையில் இருக்கும்படி வைத்துக்கொண்டால், படலமுள்ள பக்கம் உங்களை நோக்கி இருக்கும். வலக்கைச் சுட்டுவிரல் அக்குறியைத் தடவிப் பழக வேண்டும். வீணான தாள் ஒன்றைக் கொண்டு முதலில் வெளிச்சத்தில் பழகுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு இருட்டில். இந்த மூன்று படிகளையும் கடந்தவருக்கு இருட்டு அச்சம் தராது.

இனி, துலக்கும் முறைகள். இவற்றுள் மூன்றைச் சொல்கிறேன்.

முதல் முறை தட்டு முறை. தட்டு மூன்று, ஒன்றில் டெவலப்பர், மற்றொன்றில் தண்ணீர், மூன்றாவதில் ஹைப்போ. அவற்றை இடமிருந்து வலமாக வரிசையாக வைத்து, இருட்டிலேயே தாளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற வேண்டும். செலவு குறைந்த முறை இது. ஆனால் தொடக்கம் முதல் ஹைப்போவில் தாள் தெளியும் வரை அறை இருட்டாகவே இருத்தல் வேண்டும். பல தாள்களை ஒன்றாக இட்டால், முதலில் தண்ணீரில் ஒவ்வொன்றாக நனைத்துக்கொள்வது இன்றியமையாதது. இல்லையேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடியில் உள்ளதை எடுத்து மேலே வைத்துச் சீட்டுக் கலைப்பது போல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரமான ஜெலட்டின் மிக மென்மையானது. நகம் பட்டால் கீறல் விழும். புதியவர்கள் ஒவ்வொரு தாளாகத் துலக்குவதே நல்லது.

இரண்டாம் முறை மூடுபாத்திர முறை. இருட்டில் தாளைப் பாத்திரத்தில் வைத்து மூடிவிட்டால், பின்பு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். மூடியின் நடுவிலுள்ள புனல் வழியே திரவத்தை ஊற்றலாம், வடிக்கலாம். திரவம் புகும் வழியில் ஒளி ஏன் புகுவதில்லை? ஒளி நேர்க்கோட்டில் செல்வது என்று நீங்கள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். மூடியின் உள்வழியோ வளைந்து செல்வது; அதன் சுவர்களும் கறுப்பு. நீர் வளைந்து ஓடிவிடும். ஒளி கறுப்புச் சுவரில் மோதி அங்கேயே அடங்கிவிடும். சுருள் பிலிமுக்கென்று செய்த சாதாரணப் பாத்திரத்திலேயே இந்த வேலையை முடிக்கலாம். 4-க்கு 5 அங்குலத் தாளைப் படலப் பக்கம் உட்புறமாக இருக்கும்படி மெல்ல வளைத்து, ஒரு ரப்பர் வளையத்தால் பிணைத்து, குழாய் போலச் செய்து நிற்க வைப்பார்கள். பாத்திரத்தின் நடுவே உள்ள குழலை மறவாமல் பொருத்த வேண்டும்; அது இல்லாவிட்டால் மூடியின் வழியாக ஒளி உள்ளே புகுந்துவிடும். 6 தாள்களைத் தாங்கும் சட்டங்களும் இன்று விற்கப்படுகின்றன. அவற்றுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் திரவம் வேண்டும். பாத்திரத்தில் திரவத்தை ஊற்றியவுடன் அரை நிமிடம் இடைவிடாமல் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 நொடி அவ்வாறு செய்தால் போதும்.

மூன்றாம் முறையை மாணவர்களாகிய நீங்கள் முதலில் கைக்கொள்ள வேண்டும் என்பது என் பரிந்துரை. அது சிவப்பு விளக்கு முறை. வெள்ளி புரோமைடு தன் இயல்பில் நீலம், ஊதா ஆகிய நிறங்களையே உணரும். 1873-இல் ஹெர்மன் வோகல் என்னும் ஜெர்மானியர், சில சாயங்களைச் சேர்த்தால் அது பிற நிறங்களையும் உணரும் என்று கண்டார். பச்சை வரை உணர்ந்து சிவப்பை உணராத பிலிமை ஆர்தோகுரோமாட்டிக் என்பர். எல்லா நிறங்களையும் உணர்வது பான்குரோமாட்டிக். பின்னதற்கு முழு இருட்டு வேண்டும். முன்னதை அடர் சிவப்பு விளக்கின் கீழேயே துலக்கலாம். உருவம் எழுவதைக் கண்ணாலேயே காணலாம். படம் அச்சிடும் வெள்ளைத் தாளையே காமிராவில் பிலிமுக்குப் பதிலாக வைத்துப் பழகுவது இன்னும் எளிது. அதன் உணர்வு மிகக் குறைவு. ஆகவே படம் பிடிக்க நேரம் கூடுதலாக வேண்டும். ஊசித்துளைக் காமிராவுக்கு அது குறையன்று. சிவப்பு விளக்கில், வெற்றுத் தாளின் மேல் முதலில் வானம் கறுத்து, பிறகு மரமும் வீடும் வெளுப்பாகத் தோன்றுவதை ஒரு முறை கண்ட மாணவன் அதை மறப்பதில்லை. வேதியியல் பாடத்திலுள்ள ஒடுக்கம் என்ற சொல்லுக்கு அன்றுதான் அவனுக்குப் பொருள் விளங்குகிறது.

திரவங்களை வீட்டிலேயே கலக்கலாமா என்று கேட்பீர்கள். கலக்கலாம், ஆனால் ஆசிரியர் ஒருவரின் துணையோடு கலக்க வேண்டும். எளிய டெவலப்பர் ஒன்றின் கலவையைச் சொல்கிறேன். இதற்கு டி-23 என்று பெயர். மெட்டால் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட்டு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். வேறு ஒன்றும் இல்லை. முக்கால் லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை சல்பைட்டு இட்டு, பிறகு மெட்டாலைக் கரைத்து, அதன் பின்னரே எஞ்சிய சல்பைட்டை இட வேண்டும். முறையை மாற்றிச் சல்பைட்டு முழுவதையும் முதலில் கரைத்துவிட்டால் மெட்டால் எளிதில் கரையாது. முதலில் இட்ட சிட்டிகை எதற்கு என்றால், காற்றிலுள்ள ஆக்சிஜன் மெட்டாலைக் கெடுக்காமல் காப்பதற்கு. எல்லாம் கரைந்தபின் குளிர்ந்த நீர் சேர்த்து 1 லிட்டராக்கிக்கொள்ளலாம். ஹைப்போ 1 லிட்டருக்கு 240 கிராம் அளவில் போதும். அது கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். பாத்திரத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும். ஆகவே வெந்நீரில் தொடங்குங்கள். தனி ஹைப்போவைப் பயன்படுத்தும்போது டெவலப்பருக்கும் அதற்கும் இடையே அமிலம் வேண்டா. தண்ணீரில் அலசினாலே போதும். ஹைப்போவில் அமிலம் கலந்தால் கந்தகம் பிரிந்து பால் போலக் கலங்கும் என்பதைப் பள்ளிச் சோதனைச் சாலையில் நீங்களே செய்து பார்த்திருப்பீர்கள்.

சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தலாகாது. பயன்படுத்திய பாத்திரம் திரும்ப அடுக்களைக்குப் போகவும் கூடாது. புட்டிகளில் பெயரும் நாளும் எழுதி, சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மெட்டால் சிலருடைய தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். ஆதலால் கையுறை அணிவது நலம். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. அது நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு. ஆகவே அதனைச் செடிக்கும் ஊற்றலாகாது, குளத்திலும் விடலாகாது. ஒரு புட்டியில் சேர்த்து வைத்துப் பள்ளியின் சோதனைச் சாலையில் ஒப்படையுங்கள். அதில் இரும்புக் கம்பி நார் இட்டால், இரும்பு கரைந்து வெள்ளி வெளிப்படும். உலோகங்களின் வினைத்திறன் வரிசை என்ற பாடம் அப்போது கண்முன் நடக்கும்.

இனி வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். துலக்கும் அட்டவணைகளெல்லாம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கில் அமைந்தவை. குளிர் நாட்டாருக்கு அது குழாய் நீரை இளஞ்சூடாக்கும் வேலை. நமக்கோ கோடையில் குழாய் நீரே 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த வெப்பத்தில் ஜெலட்டின் உப்பி நெகிழும். துலக்கமும் கட்டுக்கடங்காமல் விரையும். 20 டிகிரியில் 10 நிமிடம் வேண்டுமாயின், 24 டிகிரியில் ஏறத்தாழ 7 நிமிடமே போதும். 5 நிமிடத்திற்குக் குறைந்தால் படம் திட்டுத் திட்டாக அமையும். ஆகவே 24 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மண்பானையில் இரவெல்லாம் வைத்த நீர், ஆவியாதலால் தானே குளிர்ந்திருக்கும். அது போதவில்லையாயின், பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையிலிட்டு, பெரிய தொட்டி நீரில் மிதக்கவிட்டு, அந்நீரில் எல்லாப் புட்டிகளையும் நிறுத்துங்கள். டெவலப்பர் குளிர்ந்தும் அலசும் நீர் சூடாகவும் இருந்தால், ஜெலட்டின் சுருங்கி வலை போல வெடிக்கக்கூடும். ஆகவே எல்லாத் திரவங்களும் ஒரே வெப்ப நிலையில் இருத்தல் வேண்டும்.

ஹைப்போவில் எவ்வளவு நேரம்? பால் போன்ற வெண்மை நீங்கித் தாள் தெளிவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதைப் போல் இரு மடங்கு. பிறகு கழுவுதல். ஓடும் நீரில் அரை மணி நேரம் கழுவும் வசதி நம்மில் பலருக்கு இல்லை. அதற்கு ஒரு சிக்கன வழி உண்டு. பாத்திரத்தில் புது நீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். நீரை மாற்றி 10 முறை. மீண்டும் மாற்றி 20 முறை. இன்னும் இருமுறை நீரை மாற்றிக்கொண்டால் ஐயத்திற்கு இடமில்லை. பின்பு குளியலறைச் சுவரில் நீர் தெளித்துத் தூசியை அடக்கி, தாளின் ஒரு மூலையைப் பிடிகருவியில் மாட்டித் தொங்கவிடுங்கள். மின்விசிறி வேண்டா. காலையில் எழுந்து பார்க்கும்போது, கையகலப் படம் காய்ந்து காத்திருக்கும்.

நண்பர்களே, இவ்வளவு சிரமமும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கைப்பேசியில் ஒரு நொடியில் நூறு படம் பிடிக்கும் காலம் அல்லவா இது? அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1941-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆன்சல் ஆடம்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் திங்கள் எழுந்திருந்தது. மறையும் கதிரவனின் கடைசி ஒளி, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின் மேல் வெள்ளையாக வீழ்ந்தது. அவர் காரை நிறுத்தி, 8-க்கு 10 அங்குலக் காமிராவை விரைந்து நிறுத்தினார். ஒளியை அளக்கும் கருவி கைக்கு அகப்படவில்லை. ஆனால் நிலவின் ஒளிச்செறிவு, சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் நினைவில் இருந்தது. அதைக் கொண்டு மனத்திலேயே கணக்கிட்டு, துளை எண் 32 வைத்து, ஒரு நொடி படம் பிடித்தார். இரண்டாவது தாளுக்காகச் சட்டத்தைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த ஒளி அகன்றுவிட்டது. கையில் இருந்தது ஒரே தாள்.

வானம் போதிய அளவு பதிந்திருந்தது. தரையோ குறைவாகவே பதிந்திருந்தது. சாதாரணமாகத் துலக்கினால் ஒன்றைக் காக்கும்போது மற்றொன்று கெடும். ஆடம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? நான் சற்று முன் சொன்ன அதே டி-23 கலவையை நீர்த்துக்கொண்டார். தாளைச் சிறிது நேரம் அதிலும், பிறகு அசையாமல் வெறும் தண்ணீரிலுமாக, 10 முறை மாற்றி மாற்றி வைத்தார். தண்ணீரில் இருக்கும்போது, மிகுந்த ஒளி பட்ட இடத்தில் ஜெலட்டினுள் ஊறியிருந்த டெவலப்பர் விரைவில் தீர்ந்துபோய் வேலை நின்றுவிடும். ஒளி குறைந்த இடத்திலோ அது தீராமல் தொடர்ந்து வேலை செய்யும். இவ்வாறு வானமும் காப்பாற்றப்பட்டது, தரையும் தேறியது. பின்னர் 1948-இல் அத்தாளின் கீழ்ப்பகுதியை மட்டும் வேதிப் பொருளால் மேலும் செறிவூட்டினார். அப்படம் இன்று உலகப் புகழ் பெற்றது. அவர் நாளைக் குறித்து வைக்கவில்லை. பிற்காலத்தில் வானவியலார் நிலவின் இருப்பைக் கணக்கிட்டே, படம் பிடித்த நாளையும் வேளையையும் கண்டறிந்தனர்.

இதனை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த இக்கட்டில் அவருக்கு உதவியவை விலை உயர்ந்த கருவிகள் அல்ல. நினைவில் நின்ற ஓர் எண்ணும், இரண்டு பொடிகளைக் கரைத்த ஒரு கலவையும், வெறும் தண்ணீருமே. அவை மூன்றும் உங்கள் வீட்டிலும் கிடைக்கும். தனித்தாள் பிலிமின் பெருமையும் இதுவே. சுருள் பிலிமில் 36 படங்களுக்கும் ஒரே வைத்தியம்தான் செய்ய முடியும். தனித்தாளில் ஒவ்வொரு படத்திற்கும் அதனதன் இயல்பறிந்து வைத்தியம் செய்யலாம். வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில், இந்த வேறுபாடு எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

நம் நாட்டிலும் பிலிம் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் உதகமண்டலத்தில் தோன்றிற்று. அங்கே செய்த பிலிமுக்கு 'இந்து' என்று பெயர். இந்து என்றால் திங்கள். அவ்வாலை இன்று இயங்கவில்லை. இங்கிலாந்து, அமெரிக்கா, செக் நாடு ஆகிய இடங்களிலிருந்து வரும் தாள்களையே நாம் வாங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தாளும் விலை மிக்கது. அதனாலேயே ஒவ்வொரு தாளையும் எடுக்கும் முன் சிந்திக்க வேண்டியதாகிறது. ஒளி எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, இக்காட்சி ஒரு தாளுக்குத் தகுதியுடையதா என்று நின்று பார்க்கிற பழக்கம் அதனால் வருகிறது. அப்பழக்கம் வந்தவன் கைப்பேசியில் எடுக்கும் படமும் நன்றாகவே இருக்கும்.

ஆர்வமுள்ளவர்கள் வரும் விடுமுறையிலேயே தொடங்கலாம். முதலில் ஓர் ஊசித்துளைப் பெட்டியும், அச்சிடும் தாளும், சிவப்பு விளக்கும் போதும். பிறகு வீணான பிலிம் தாளைக் கொண்டு இருட்டில் கைப்பழக்கம். அதன் பின்னரே உண்மையான தாள். ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, படம் பிடித்த நாள், வேளை, துளை எண், வெப்பம், துலக்கிய நிமிடம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். இருட்டில் நொடி எண்ணக் கடிகாரம் தெரியாதே என்று கவலை வேண்டா. ஆடம்ஸ் இளமையில் பியானோ பயின்றவர். இருட்டறையில் அவர் இசைக்காரரின் தாளக் கருவி தட்டும் ஒலியைக் கேட்டே நொடிகளை எண்ணினார். உங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று ஒலிக்குமாயின், அதைக் கழற்றிக் குளியலறைக் கதவருகே வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.